ஒரு கசெற்றும் நாலு பிரதிகளும்

தர்மபுரம்,
11.05.2003

திரு. கிருசாந்தன் அவர்களுக்கு,

போன கடிதம் வரை 'அன்புள்ள' என்று தொடங்கினேன். இன்றைக்கு அந்தச் சொல் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

நேற்று அம்மாவின் பெயருக்குக் கனடாவில் உங்கள் ஸ்காபரோவிலிருந்தே ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் இலட்சுமி என்று ஓர் அம்மா. எங்களுக்குச் சொந்தமுமில்லை, தெரிந்தவருமில்லை. மகன் பொறியியலாளராம். "உங்கட மகள் கௌசலாவை வீடியோவில பாத்தனாங்கள். நல்ல கலகலப்பான பிள்ளை, எங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. மற்ற இடம் இன்னும் முற்றாகேல்லை எண்டு கேள்விப்பட்டம்" என்று எழுதியிருக்கிறா. அந்த மற்ற இடம் நீங்கள்தான்.

என்னை வீடியோ எடுத்தது ஒரேயொரு தடவை. ஜனவரியில் உங்கள் அக்கா, "தம்பி நேரில வந்து பாக்க ஏலாதுதானே, படம் வேண்டாம், பிள்ளை நடக்கிறதையும் கதைக்கிறதையும் ஒரு கசெற்றில எடுத்து அனுப்புங்கோ" என்று கேட்டா. அப்பா முகத்தைச் சுளித்தார். நான்தான் சம்மதித்தேன். படத்தைப் பார்த்து ஓம் சொல்லிவிட்டு, நேரில் கண்டதும் யோசிக்கிற மாப்பிள்ளையைவிட இது மேல் என்று நினைத்தேன். உங்களுக்காகத்தான் நடந்தேன், உங்களுக்காகத்தான் கதைத்தேன். இலட்சுமி அம்மாவுக்கு நடந்து காட்ட எனக்கு என்ன தேவை?

இன்னுமொன்று. அந்த அம்மா கடைசியில் கேட்டிருக்கிறா: "கதிரையால எழும்பி நடக்கேக்க பிள்ளை இடது காலை இழுக்கிற மாதிரிக் கிடக்கு. அது பிறப்பிலயோ, இல்லாட்டி சண்டையில செல் பட்டதோ?"

கமெராவுக்கு முன்னால் நான் காலை இழுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்தேன். உங்களுக்கு அதை நேரில் சொல்ல நினைத்திருந்தேன். ஆகவே அந்தக் கடிதத்தோடு நேராகத் தவராசா அண்ணையிடம் போனேன். அவர்தான் படம் எடுத்தவர். கிளிநொச்சியில் நான் வேலை செய்கிற ஸ்டூடியோவின் முதலாளி.

"அண்ணை, நிப்பாட்டிப்போட்டன் எண்டு சொன்ன பிறகும் கமெரா ஓடினதோ?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை" என்றார், கொஞ்சமும் கூசாமல். "கமெரா ஓடேக்க எரியிற சிவப்பு லைற்றுக்கு மேல கறுப்பு ரேப் துண்டு ஒட்டினனான். எல்லாருக்கும் அப்பிடித்தானே செய்யிறனான்? கமெராவுக்கு முன்னால நீர் மரம் மாதிரி நிண்டனீர். நிப்பாட்டிப்போட்டன் எண்டாப் பிறகுதான் பிள்ளை பிள்ளையா இருந்தது."

அந்த ரேப் வித்தை எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக அதே கடையில் இருக்கிறேன். எனக்கும் அதைச் செய்வார் என்றுதான் நினைக்கவில்லை. அனுப்பமுதல் கசெற்றைப் போட்டுப் பார்த்திருக்கலாம். என் நடையை நானே பார்க்க வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். அந்தப் பிழையை நான் ஏற்கிறேன்.

உங்கள் பங்கைச் சொல்லுங்கள். என் கசெற் எப்படி இலட்சுமி அம்மாவின் வீட்டுக்குப் போனது?

கௌசலா கதிர்காமநாதன்


ஸ்காபரோ,
02.06.2003

அன்புள்ள கௌசலா,

நீங்கள் எழுதாவிட்டாலும் நான் 'அன்புள்ள' என்றுதான் எழுதுவேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அங்கே எடுத்த கசெற் இங்கத்தைய வீடியோ டெக்கில் ஓடாது. முறை வேறு. எனக்கு அது தெரியாது. வந்த அன்றே போட்டேன். கோடு கோடாக ஓடியது, இடைக்கிடை ஒரு பச்சைச் சீலை தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அரைமணித்தியாலம் இருந்தேன் என்றால் சிரிப்பீர்கள். அக்காதான், தமிழ் வீடியோக் கடையில் கொடுத்தால் மாற்றித் தருவார்கள் என்றா. கொடுத்தேன். கடைக்காரர், "கலியாணப் பேச்சோ தம்பி?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் தனக்கும் ஒரு பிரதி எடுத்து வைப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அது முழு உண்மையில்லை. மாற்றிய கசெற் வந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பதினாலு பேரைக் கூப்பிட்டா. ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்து, எல்லோரும் சோபாவில் இருந்து உங்களைப் பார்த்தார்கள். உயரம் காணுமோ, குரல் கொஞ்சம் தடிப்போ என்றெல்லாம் கதைத்தார்கள். ஒருவர் இரண்டு தடவை திருப்பிப் போடச் சொன்னார். நான் குசினி வாசலில் நின்றேன். நிற்பாட்டுங்கோ என்று சொல்லியிருக்கலாம். இங்கே எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று பேசாமல் நின்றுவிட்டேன். இதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

காலைப் பற்றி. கசெற்றின் கடைசி மூன்று நிமிடத்தில் கண்டேன். அதனால் என் மனம் மாறவில்லை என்று எழுதப் பார்த்தேன், எழுத முடியவில்லை. நீங்கள் எனக்குச் சொல்லாத ஒன்றுக்கு நான் எப்படி மறுமொழி சொல்வது?

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்கவேண்டாம். சித்திரையில் ஊருக்கு வந்துபோன அக்காவின் சிநேகிதி, உங்கள் ஸ்டூடியோக் கண்ணாடிப் பெட்டியில் மணப்பெண்களின் படம் பெரிதாகப் போட்டிருக்கிறது என்றா. பஸ்ஸில் போகிற சனமெல்லாம் பார்க்கிறதாம். அவர்களிடம் கேட்டுத்தான் போட்டீர்களா?

கிருசாந்தன்


தர்மபுரம்,
30.06.2003

கிருசாந்தன் அவர்களுக்கு,

கோபிக்கவேண்டாம் என்று எழுதிவிட்டுக் கேட்டால் கோபம் வராதா? நன்றாக வந்தது. உங்கள் கடிதத்தை நாலாக மடித்து அலுமாரிக்குள் எறிந்துவிட்டு இரண்டு நாள் இருந்தேன். என்னிடம் கேள்வி கேட்க உங்களுக்கு என்ன முகம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் வேலைக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றேன். ஏழு படம். ஒருவரிடமும் நாங்கள் கேட்கவில்லை.

ஏழு பேரையும் தேடிப் போய்க் கேட்பது என்று முடிவெடுத்தேன். தவராசா அண்ணை, "உமக்கு வெயில் தலையில அடிச்சிட்டுது" என்றார். நான்கு பேர் கிளிநொச்சியிலேயே இருந்தார்கள். அதில் ஒருத்தி, "எடுத்துப்போடாதேங்கோ அக்கா, இன்னும் கொஞ்சம் பெரிசாக்கிப் போடுங்கோ, மாமி பாக்கட்டும்" என்றாள். இன்னொருத்தி தன்னுடையது இரண்டாம் வரிசையில் இருக்கிறது, முதல் வரிசைக்கு ஏற்றச் சொன்னாள். உலகம் கெட்டுப்போகவில்லை என்று சிரித்துக்கொண்டு வந்தேன். இரண்டு பேர் வெளிநாடு போய்விட்டார்கள். அவர்களுடைய படத்தை எடுத்துவிட்டேன்.

ஏழாவது பெண்ணின் ஊர் வற்றாப்பளை. பஸ் ஏறிப் போனேன். முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொன்னதும் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அவர் என்னை விட்டிட்டுப் போய் ஒரு வருசம். ஆசுப்பத்திரிக்கு அம்மாவோட கிளிநொச்சிக்கு வாறனான். உங்கட கடையடிக்கு வரேக்க மற்றப்பக்கம் திரும்பிக்கொண்டிருப்பன். பஸ்ஸில இருக்கிற சனம் படத்தையும் பாக்கும், என்னையும் பாக்கும். கழட்டச் சொல்லிக் கேக்கலாமெண்டு எனக்குத் தெரியாது அக்கா."

அந்தப் படத்தை எடுத்தது நான். "இன்னும் எடுக்கேல்லை, சும்மா இரும்" என்று சொல்லி, அவள் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்த நேரம் பொத்தானை அமத்தினேன். நல்ல படம். அதனால்தான் பெட்டிக்குப் போனது. படத்தையும் நெகட்டிவ்வையும் அவளிடம் கொடுத்தேன். நெகட்டிவ் என்றால் என்ன என்று கேட்டாள், சொன்னேன். உடனே அடுப்புக்குள் போட்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் நான் அழுதேன். உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, ஆனால் கேள்வி கேட்டவர் நீங்கள்.

சரி, என் வேலையை நான் செய்துவிட்டேன். இனி உங்களுடையது. என் கசெற் எத்தனை பிரதியாகி எந்தெந்த வீட்டில் இருக்கிறதோ, ஒன்று விடாமல் நீங்களே போய் வாங்கவேண்டும். அக்காவை அனுப்பக்கூடாது. அதுவரைக்கும் கலியாணக் கதை வேண்டாம். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

நீங்கள் அனுப்பிய படத்தில் கழுத்தில் கட்டியிருக்கிற ரை ஸ்டூடியோக்காரருடையது. முடிச்சைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்.

கௌசலா


ஸ்காபரோ,
24.08.2003

அன்புள்ள கௌசலா,

ரை ஸ்டூடியோக்காரருடையதுதான். கோட்டும் அவருடையதுதான்.

கடைக்காரரிடம் போனேன். முதலில் இல்லை என்றார். பிறகு, "தம்பி, நான் என்ன களவோ செய்தனான்? ஊரில பெட்டையள் இருக்குதுகள், இஞ்ச பெடியங்கள் இருக்கிறாங்கள். நாலு பேர் பாத்தால் நல்லதுதானே நடக்கும்?" என்றார். மேசைக்குக் கீழே ஒரு பெட்டி வைத்திருக்கிறார். பதினொரு கசெற். எல்லாம் உங்களுடையதைப்போல் மாற்றக் கொடுத்தவை. வாடகைக்குப் படக் கசெற் எடுக்க வருகிற தாய்மாருக்குப் பார்க்கக் கொடுப்பாராம். உங்களுடையதில் 'தர்மபுரம், வயசு 27, சிவலை' என்று எழுதியிருந்தது. நான் சண்டைக்காரன் இல்லை, ஆனால் அன்றைக்குக் கடைக்குள் சத்தம் போட்டேன்.

நாலு பிரதி. ஒன்று பெட்டியில். ஒன்று இலட்சுமி அம்மா வீட்டில். அவவின் மகன்தான் கதவைத் திறந்தான். உள்ளே போய் எடுத்துவந்து தந்தான், "சொறி அண்ணை, அம்மா போட்டுக் காட்டினவா" என்றான். மூன்றாவது, மார்க்கம் என்கிற பக்கத்து நகரில் ஒரு வீட்டில். அவர்கள் அதன்மேல் ஒரு பிறந்தநாளைப் பதிந்துவிட்டார்கள். ஆனாலும் கெஞ்சி வாங்கினேன். நாலாவது மொன்றியலில். பஸ்ஸில் ஆறரை மணித்தியாலம் போனேன். அந்த வீட்டுக்காரர், "இதுக்காகவோ இவ்வளவு தூரம் வந்தனீர்?" என்று கேட்டுவிட்டுச் சோறு போட்டார். சாப்பிட்டேன்.

ஆக, நீங்கள் அனுப்பியதும், எனக்கு மாற்றியதும், நாலு பிரதியும் இப்போது என் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அந்தக் கடைசி மூன்று நிமிடத்தை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். நீங்கள் கதிரையில் இருந்து காலைத் தடவிக்கொண்டு, "போதும் அண்ணை, நான் என்ன விக்கிற மாடே?" என்று சொல்லிச் சிரிக்கிறீர்கள். அதற்கு முன்னால் இருபது நிமிடம் நீங்கள் சொன்னது ஒன்றும் எனக்கு நினைவில்லை. நான் ஓம் சொன்னது அந்தச் சிரிப்புக்குத்தான்.

கிருசாந்தன்


தர்மபுரம்,
19.09.2003

அன்புள்ள கிருசாந்தன்,

மொன்றியலுக்குப் போய் வந்ததற்காக அந்தச் சொல்லைத் திருப்பித் தருகிறேன்.

ஆனால் அந்தச் சிரிப்பு உங்களைப் பார்த்துச் சிரித்ததில்லை. அதை வாசித்தபோது சந்தோசம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். அடுத்த நிமிடமே எரிச்சலும் வந்தது. நான் உங்களுக்குத் தந்த இருபது நிமிடம் உங்களுக்கு வேண்டாம், நான் தராத மூன்று நிமிடம்தான் வேண்டும் என்றால், இலட்சுமி அம்மாவுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?

எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். உங்களுடையதையும்தான். உங்களுக்கு அது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

அந்த மூன்று நிமிடத்துக்குப் பதிலாக நானே ஒன்று தருகிறேன். தொண்ணூற்றாறு புரட்டாதியில் கிளிநொச்சியை விட்டு ஓடினோம். பாதி வழியில் அம்மா, வீட்டுக் கதவைப் பூட்டவில்லை என்று திரும்பிப் போய்விட்டா. ஊரே எரிகிறது, அவவுக்குக் கதவு. நான் அவவைக் கூட்டிவர ஓடினேன். அவவைக் காணமுதலே வழியில் செல் துண்டு பட்டது. இன்றைக்கும் அம்மா, நான் சைக்கிளை எடுக்கத் திரும்பிப் போய்த்தான் காயப்பட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறா. அப்படித்தான் சொன்னேன். "உந்த விசர்ச் சைக்கிளுக்காகக் காலைக் குடுத்தவள்" என்று ஏழு வருடமாகப் பேசுகிறா. பேசட்டும். உண்மை தெரிந்தால் அவ தாங்கமாட்டா.

இது அப்பாவுக்கும் தெரியாது. உலகத்தில் இப்போது இரண்டு பேருக்குத் தெரியும்.

அந்தப் பெட்டியில் மற்றப் பத்துக் கசெற் இருந்தது என்று எழுதினீர்கள். அவற்றை அங்கேயே விட்டுவிட்டா வந்தீர்கள்?

கௌசலா


ஸ்காபரோ,
10.11.2003

அன்புள்ள கௌசலா,

அழித்துவிட்டேன். ஆறு கசெற்றிலும் நாடாவை உருவி எடுத்து வெட்டினேன். அக்காவின் வரவேற்பறை முழுக்கக் கறுப்பு நாடா. கடைசியாக என்னுடையதை உருவும்போது, ஒரு தடவை பார்த்துவிட்டு வெட்டலாமா என்று மனம் கேட்டது. பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு கிழமை உங்கள் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரக் கஷ்டப்பட்டேன். இப்போது பழகிவிட்டது. உங்கள் கையெழுத்துத்தான் நினைவுக்கு வருகிறது.

பத்துக் கசெற்றையும் விட்டுவிட்டு வந்தது பிழைதான். திரும்பப் போனேன். தரமாட்டேன் என்றார். வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அக்கா முதலில், "உனக்கேன் ஊர்ப் பிரச்சினை?" என்றா. பிறகு, "எங்கட மகளை இப்பிடி ஆரும் வைச்சிருந்தால்?" என்று தானே கேட்டா. சனிக்கிழமை, கடை நிறையச் சனம் நிற்கிற நேரம் போய், எல்லோருக்கும் கேட்கக்கூடியதாக, "அண்ணை, எங்கட பிள்ளையளை மேசைக்குக் கீழ வைச்சு எவ்வளவு நாளா வியாபாரம் செய்யிறியள்?" என்றா. ஐந்து நிமிடத்தில் பெட்டி எங்கள் கையில். அந்தந்த வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்து வருகிறோம். அந்த ஞாயிற்றுக்கிழமை பதினாலு பேருக்கு ரோல்ஸ் சுட்டதும் இதே அக்காதான்.

நீங்கள் ஒன்று தந்தீர்கள், நானும் ஒன்று தரவேண்டும். அக்கா உங்களுக்கு என்னைப் பேக்கரியில் சூப்பவைசர் என்று சொன்னா. நான் தட்டுக் கழுவுகிறேன். அதை நானே எழுதியிருக்கவேண்டும்.

மாசியில் வர நினைக்கிறேன், நீங்கள் ஓம் என்றால். விசா அலுவல் பார்க்கிற லோயரோடு கதைத்தேன். கலியாணம் உண்மையென்று காட்டப் படங்களின் அல்பமும் வீடியோவும் வேண்டுமாம். நாங்கள் எழுதிய கடிதங்களும் வேண்டுமாம். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தால் விசா கெதியாகக் கிடைக்குமாம். "கடிதம் இருக்கிறது நல்ல பலம்" என்றார். உங்களைக் கேட்காமல் கொடுக்கமாட்டேன்.

இனி 'நீங்கள்' என்பதை விட்டு, கொஞ்சம் நெருக்கமாக 'நீர்' என்று எழுதலாமா?

கிருசாந்தன்


தர்மபுரம்,
07.12.2003

அன்புள்ள கிருசாந்தன்,

எழுதலாம். நான் 'நீங்கள்' என்றே எழுதுவேன், நேரில் வந்த பிறகு யோசிப்போம்.

மாசியில் வாருங்கள். ஓம். அப்பா நாள் பார்க்கப் போய்விட்டார். தட்டுக் கழுவுகிற கையை எனக்குப் பிடிக்கும், பொய் சொல்கிற அக்காவை இப்போது பிடிக்கத் தொடங்கியிருக்கிறது.

அல்பம் கொடுப்போம். கலியாணம் ஊருக்கு முன்னால் நடக்கிற காரியம், அதை யாரும் பார்க்கலாம். வீடியோவும் எடுக்கட்டும். கறுப்பு ரேப் ஒட்டினால் வேலையை விட்டுவிடுவேன் என்று தவராசா அண்ணையிடம் சொல்லிவிட்டேன். "உம்மட கலியாணத்தோட என்ர தொழிலே மாறப்போகுது" என்று புறுபுறுத்துக்கொண்டு ரேப்பை உரித்தார்.

கடிதம் கொடுக்கமாட்டேன்.

யோசித்துத்தான் சொல்கிறேன். கொழும்பில் விசா கொடுக்கிற கந்தோரில் ஒருவர் எங்கள் கடிதத்தை மேசையில் விரித்து, இவர்கள் உண்மையில் அன்பாக இருக்கிறார்களா என்று பேனையால் கோடு போட்டுப் பார்ப்பார். அவருக்கு முதலே மொழிபெயர்க்கிறவர் வாசிப்பார். அவர் எங்கள் ஆளாகத்தான் இருப்பார், அவருக்கும் ஊரில் சொந்தக்காரர் இருப்பார்கள். எங்கேயோ ஒரு கலியாண வீட்டில் யாரோ ஒருவர் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, அந்தக் கதவைப் பற்றிக் கேட்பார். நான் அதற்கு விடமாட்டேன்.

அம்மாவுக்காக மட்டுமில்லை. எனக்காகவும்தான். கசெற்றில் என்னை எல்லோரும் பார்த்தார்கள். இந்தக் கடிதங்களில்தான் நான் இருக்கிறேன். இதை நான் ஒரு ஆளுக்குத்தான் எழுதினேன்.

கேள்வி கேட்கட்டும், நேரில் போய் மறுமொழி சொல்லுகிறேன். எனக்குப் பயமில்லை. விசா பிந்தினால் பிந்தட்டும். கிடைக்காமலே போகலாம் என்றும் தெரியும். அப்படி நடந்தால் என்ன செய்வீர்கள் என்பதை வரமுதல் எனக்கு எழுதுங்கள். அக்காவைக் கேட்டு எழுதவேண்டாம்.

கௌசலா


ஸ்காபரோ,
04.01.2004

அன்புள்ள கௌசலா,

உமது கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை லோயரிடம் போனேன். அக்காவைக் கேட்கவில்லை.

"கடிதங்கள் கொண்டுவந்தனீரோ?" என்று கேட்டார்.

"இல்லை. தரமாட்டம்."

கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தம்பி, விளங்காமல் கதைக்கிறீர். கடிதம் இல்லாட்டி ஒரு வருசம் கூட இழுபடும். மறுத்தாலும் மறுப்பாங்கள்."

"இழுபட்டால் நான் அங்க போய் இருந்து காத்திருப்பன். மறுத்தால் அங்கயே இருப்பன்" என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. வேலையை இம்மாதக் கடைசியோடு விடுகிறேன். தர்மபுரத்திலும் பேக்கரிப் பாண் சாப்பிடுகிற சனம் இருக்கும்தானே? தட்டுக் கழுவினாலும் மா குழைப்பதைப் பார்த்துப் பழகியிருக்கிறேன்.

மாசி ஒன்பதாம் திகதி கொழும்பில் இறங்குகிறேன். அங்கிருந்து பஸ்ஸில் வருவேன். உமது முகம் எனக்குச் சரியாக நினைவில்லை, நீர்தான் என்னைக் கண்டுபிடிக்கவேண்டும்.

எழும்பி வரும்போது லோயர் கூப்பிட்டார். அவர் குரல் மாறியிருந்தது. அக்கா வீட்டுச் சோபாவில் இருந்தவர்களின் குரல் அது.

"சும்மா கேக்கிறன் தம்பி. அப்பிடி என்னதான் எழுதிக்கிடக்கு அதில?"

கதவில் கையை வைத்தபடி திரும்பிப் பார்த்தேன். ஒரு வருடத்துக்கு முன்னால் என்றால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"அது எங்களுக்குள்ள" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உமது,
கிருசாந்தன்